பென்சில் சோதனை

லெம்ஹை பள்ளத்தாக்கில் அக்டோபர்.
கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள் வெர்னா டோலஃப்சன்.
ஈயப் புகைக்கு ஒரு பயம், குளிருக்கு ஒரு பயம்;
முகமூடி ஒன்று, சட்டை மூன்று.

முதல் வாளியில்
பல் மருத்துவர் ஒதுக்கித் தந்த எக்ஸ்ரே ஈயத்தாள்.
நகம் பட்டாலே தழும்பு விழும்.
இரண்டாவதில் டயர் கடைச் சக்கர எடைகள்,
கிரீஸ், கிளிப், யாரோ புகைத்த சிகரெட்டின் அடிக்கட்டை
எல்லாம் சேர்த்தே நிறுத்துக் காசு வாங்கினான் கடைக்காரன்.
மூன்றாவது வாளி தம்பி ஆரினுடையது:
வாரப் பத்திரிகை மூடிய அன்று
அச்சகத்திலிருந்து அவன் அள்ளி வந்த
லினோடைப் வரிகள்.
வெள்ளீயம் கொஞ்சம், அஞ்சனம் நிறைய.
ஒரு காலத்தில் கண்ணுக்கு மையாகக் கரைந்த அஞ்சனம்
ஈயத்தில் விழுந்தால் எலும்பாகிவிடுகிறது.

போன வருஷம்
கடினம்தானே நல்லது என்று
மூன்றாம் வாளியை மட்டும் உருக்கினாள்.
தோட்டாக்கள் மின்னின,
மேசையில் போட்டால் மணிபோல் ஒலித்தன.
அப்பாவின் ரைஃபிளோ கிழடு.
மெதுவாகத் தள்ளும் அதன் மூச்சுக்கு
அவை ஒரு மயிரளவும் பருக்கவில்லை,
குழாயின் பள்ளங்களில் போய்ப் பொருந்தவில்லை.
இடுக்கில் புகுந்த தீ
ஓரங்களை நக்கி உருக்கி வழியெல்லாம் அப்பிவிட்டுப் போனது.
மூன்று நாள் தூரிகை போட்டுச் சுரண்டினாள்.
அட்டை இலக்கில் ஒரு துளை மட்டும்
பூட்டின் சாவித் துவாரம் போல நீண்டிருந்தது;
குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போயிருக்கிறது.

விட்டுக்கொடுக்கத் தெரியாதது நேராகப் போகாது.
இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.
குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான்:
"ரொம்பக் கடினம். வீண்."

இந்த வருஷம் ஈயத்தாள் பெரும்பங்கு,
சக்கர எடை பாதியளவு,
ஆரின் வாளியிலிருந்து ஒரு கைப்பிடி.
அந்தக் கைப்பிடியில் ஒரு வரி
புரண்டு மேலே வந்து நின்றது.
எழுத்துகள் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் இடம்மாறி.
வலமிருந்து இடமாக, விரலால் தடவி வாசித்தாள்:
"திருத்தம். டோலஃப்சன் நிலம் விற்பனைக்கு அல்ல."

அந்த வாரம் நினைவிருக்கிறது.
ஏலத்துக்கு என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்,
மறுவாரம் யார் மறுத்து அச்சிட்டார்கள்,
அப்பா இருந்தவரை கேட்கவில்லை அவள்.
இருபத்தியொரு வயது ஆரின்
எந்திரத்தின் முன் தனியாக உட்கார்ந்து
இந்த ஒரு வரியை வார்த்திருக்கிறான்.
வார்த்தையும் வார்ப்பதுதான் போலும்.

இப்போது விற்கச் சொல்பவனும் அவனே.
செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை அழைத்தான்.
எடுக்கவில்லை.

வரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அதே எடைக்கு வேறொன்றை எடுத்து உள்ளே இட்டாள்.
மெழுகுத் துண்டு போட்டுக் கலக்கினாள்; குப்பென்று எரிந்தது.
கரும் ஏட்டை வழித்தாள்.
முதல் பத்து குண்டுகள் சுருக்கம், அச்சு சூடாகவில்லை.
அவற்றைத் திருப்பிக் கொப்பரையில் போட்டாள்.
பதினொன்றாவது நன்றாக வந்தது.

பிறகு பென்சில்கள்.
ஓவியம் கற்கும் பிள்ளைகள் வாங்கும் பெட்டி;
மெத்தென்றதில் தொடங்கி வன்மையானதுவரை.
முனையைத் தட்டையாக்கி, சாய்த்து, தள்ள வேண்டும்:
வழுக்கினால் ஈயம் ஜெயித்தது,
கீறினால் பென்சில்.
நாலாம் பென்சில் வழுக்கியது.
ஐந்தாவது மெல்லிய சுருளொன்றைச் சீவி எடுத்தது.
போதும், இதுதான் வேண்டியது.
எல்க்கின் தோளுக்கும் கிழட்டுக் குழாய்க்கும்
நடுவில் எங்கோ நிற்கும் மென்மை.

ஆனால் வார்த்த அன்று அளந்ததை நம்பக்கூடாது.
அஞ்சனம் சேர்ந்த ஈயம்
அலமாரியில் சும்மா இருந்தே இறுகும்.
இரண்டு வாரம் கழித்து
அதே குண்டில் அதே ஐந்தாவது பென்சில் வழுக்கலாம்.

டப்பாவில் ஒட்டிய காகிதத்தில்
அந்தப் பென்சிலாலேயே தேதி எழுதினாள்.
கையுறையைக் கழற்றினாள்.
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள், இரண்டு முறை.
சமையலறையில் போன் இருக்கிறது.
இன்னும் வெள்ளிக்கிழமைதான்.